ஸ்ட்ரூபல் அம்மாள் பேசிய பதினொரு பக்கங்கள்

பிப்ரவரி 3, 1994

கட்டுரை திரும்பி வந்தது. சிவப்பு மைக்கு நடுவே என் எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மருத்துவர் எழுதினால் மருத்துவர்கள் திருத்துகிறார்கள். சட்டப் பேராசிரியன் எழுதினால் அவனுடைய மாணவர்களே திருத்துகிறார்கள். என்ன வழக்கமோ! ஆறு வருடத்தில் அச்சேறப் போகும் ஒரே கட்டுரை. இதுவும் போனால் என்னை ஆய்வாளன் என்று சொல்ல ஆளிருக்காது.

மாணவர்கள் நடத்தும் சட்ட இதழின் ஆசிரியை லொரெய்ன், மூன்றாம் ஆண்டு மாணவி. ஓரமெல்லாம் ஒரே கேள்வி: 'ஆதாரம் எங்கே?' அயோவாவில் குளிர்காலம் நீளம் என்று எழுதியிருந்தேன். அதற்கும் கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 8

இன்று ஸ்ட்ரூபல் வழக்கில் கை வைத்தாள். 1887. கணவன் இறந்ததும் கொழுந்தன் பண்ணையை விற்றான், விதவை ஸ்ட்ரூபல் அம்மாள் நீதிமன்றத்தில் வாய் திறக்கவில்லை, நிலம் போயிற்று. என் கட்டுரை முழுக்க அந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது.

"அவங்க பேசலைன்னு சொல்ல உங்க பழைய கட்டுரையைக் காட்டுறீங்க, புரொஃபசர். அது உங்க ஆசிரியரோட கட்டுரையைக் காட்டுது. அவர் யாரையுமே காட்டலை."

"பத்தொன்பது வருஷமா வகுப்புல சொல்றேன். அது போதாதா?"

"போதாது, புரொஃபசர்."

பிப்ரவரி 9

நான் இதை முதலில் எழுதியபோது அவள் பாலர் பள்ளியில் இருந்திருப்பாள். என்ன திமிர்!

பிப்ரவரி 17

மதியம் சாப்பிடும்போது கஸ் சொன்னான். என் பக்கத்து அறைக்காரன். அடுத்தவன் அவதியில் அவனுக்கு நன்றாகப் பசிக்கும்.

"அந்தப் பொண்ணு பனியில தொண்ணூறு மைல் கார் ஓட்டிக்கிட்டு அந்தப் பழைய கோர்ட்டுக்கே போயிருக்காப்பா, வால்ட். உனக்கு ஆப்புதான்."

போகட்டுமே. அங்கே என்ன இருக்கப் போகிறது? — அப்புறம் எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

பிப்ரவரி 21

பதினொரு பக்கம். அந்தக் கோர்ட்டின் பழைய சாட்சியப் பதிவை நகலெடுத்து என் மேசையில் வைத்துவிட்டாள் லொரெய்ன். ஸ்ட்ரூபல் அம்மாள் ஜெர்மனில் பேசியிருக்கிறாள், அதை அப்போதே மொழிபெயர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். 'விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.' இதையே ஐந்து முறை சொல்லியிருக்கிறாள். நீதிபதி தன் தீர்ப்பில் அதில் ஒரு வரியைக்கூடச் சேர்க்கவில்லை. நான் அச்சான தீர்ப்பைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டேன். தொண்ணூறு மைல்! ஒருநாள் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா, மடையா? வகுப்பில் அவளை 'ஊமை விதவை' என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேனே.

"மன்னிச்சிருங்க, புரொஃபசர்" என்றாள் லொரெய்ன். ஜெயித்தவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அதுதான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 22

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மார்ச் 10

கஸ் ஆறுதல் சொல்ல வந்தான். கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 14

காலை வகுப்பில் அந்தப் பதினொரு பக்கத்தையும் வாசித்தேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிற்பகல் லொரெய்ன் வந்தாள். ஸ்ட்ரூபல் பற்றி அவளே எழுதிய கட்டுரை. என் இடத்தில் அச்சாகப் போகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், எரிச்சலாக இருக்கிறது. நான்காம் பக்கத்தில்: 'அவர் பேசவில்லை என்று சில அறிஞர்கள் தவறாகக் கருதினர்.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'எந்த அறிஞர்? ஆதாரம் எங்கே?' கீழே என் பெயரையும், என் பழைய கட்டுரையின் பக்க எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.