ஒரு மூடி தேங்காய் துருவும் நேரம்

என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களை ஒருநாளும் 'அருமை' என்று சொன்னதில்லை. 'அண்ணி, காபி ஆச்சா?' அதோடு சரி. இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உண்மையில் நான் உட்கார்ந்தது வேறு வேலைக்கு. மைசூரில் இருக்கிற நம் தமிழ்க்காரர்கள் சித்திரைக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். 'பிள்ளைகள் நன்றாகப் படிக்கச் சில யோசனைகள்' என்று டீச்சரம்மா எழுதித் தரணுமாம். விடியற்காலையில் எழுந்திரு, அட்டவணை போடு, பத்துத் தடவை வாசி என்று அரைப் பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். மலரில் இதையே போட்டுக்கொள்ளட்டும். உங்கள் பெண் உமா நல்ல மார்க் வாங்கியபோதெல்லாம் 'அத்தை கணக்கு டீச்சர், பின்னே என்ன?' என்று அக்ரஹாரத்துத் தெருவே சொன்னது. நானும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஊரறிய வாங்கியதை ஊரறியத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்?

முதலில் வீட்டு சமாசாரம். அண்ணனுக்குப் பேச்சே குறைந்துபோச்சு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் ரேடியோவைப் போட்டுவிட்டு, அதைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு 'நல்லாருக்கு' என்கிறார். பொய். காலையில் மூன்று டப்பா கட்டி, ஸ்கூலில் ஆறு பீரியட் நின்று, வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது இரண்டு முழங்காலும் என்னைத் திட்டுகின்றன. பதினேழு வருஷம் நீங்கள் இதைச் செய்தபோது இது ஒரு வேலை என்றே என் கண்ணில் படவில்லை, பாருங்கள்.

இனி உமா விஷயம். டிசம்பர் பரீட்சையில் கணக்கில் இருபத்தொன்பது. கணக்கு டீச்சர் வீட்டுப் பெண் பெயில்! எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையே எழுத மாட்டேன் என்று ஜியோமெட்ரி புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

நான் செய்யாதது என்ன அண்ணி? ஆடி மாதம் நீங்கள் போன பிறகு, அவளுக்கு முன்ரூமில் மேசை போட்டேன். பழைய கேள்வித்தாள் எல்லாவற்றுக்கும் விடை எழுதிக் கொடுத்தேன். திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தேன். நோட்டைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுவாள், நோட்டை மூடினால் ஒன்றும் நிற்கவில்லை. என் தொண்டைதான் போச்சு.

அப்போதுதான் நம் சமையலறை வாசற்படி ஞாபகம் வந்தது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த நீங்கள், தமிழில் அஞ்சாவது வரை படித்தவர். அவளுடைய கன்னடப் புத்தகத்தில் உங்களுக்கு ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தைத் தமிழில் சொல்வாள். நீங்கள் அரிவாள்மணையில் தேங்காய் துருவிக்கொண்டே, 'அதெப்படி கண்ணு? எனக்கொண்ணும் வெளங்கலியே' என்பீர்கள். அவள் மறுபடி சொல்வாள். கடைசியில், புரிந்ததா என்று கன்னடத்தில் கேட்பாள்: 'கொத்தாய்த்தா அம்மா?' புரிந்தால்தான் தலையாட்டுவீர்கள். நாலு நாள் கழித்து, 'அன்னைக்கு என்னமோ சொன்னியே கண்ணு, மறந்துபோச்சு' என்று அதையே திரும்பக் கேட்பீர்கள். நிஜமாகவே மறந்ததா அண்ணி? இல்லை, வேண்டுமென்றே கேட்டீர்களா? இனி யாரைப் போய்க் கேட்பேன்?

எனக்கு அது வெட்டி அரட்டையாகத் தெரிந்தது. ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன். 'படிக்கிற பெண்ணை இப்படிப் போட்டுத் தொணதொணக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?' நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'ஒண்ணுந் தெரியாதுங்க அம்மிணி. அதனாலதான் கேக்கறேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியை எடுத்தீர்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

சரி, அதே மாதிரி நாமும் செய்து பார்ப்போம் என்று, ஜனவரியில் ஒருநாள் அவள் எதிரில் உட்கார்ந்து, 'எனக்கு ஒன்றும் புரியலை உமா, கொஞ்சம் சொல்லேன்' என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிராமா போடாதீங்க அத்தை. உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் எப்போ தப்பு பண்ணுவேன்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. அம்மாவுக்கு நெஜமாவே தெரியாது."

அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். நீங்கள் காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின சாயங்காலம் வட்டத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு கோடு போட்டால் இரண்டும் ஒரே நீளம். அதை நிரூபிக்க, வட்டத்தின் நடுவிலிருந்து அந்தப் புள்ளிக்கு இன்னொரு கோடு போடுவோம். நீங்கள் கேட்டீர்களாம்: 'படத்துல இல்லாத கோடு எங்கிருந்து கண்ணு வந்துச்சு? அதைப் போடணும்னு உனக்கு யாரு சொன்னா?' அவளுக்குப் பதில் தெரியவில்லை. 'நாளைக்குச் சொல்றேம்மா' என்றாளாம். அதற்குப் பிறகு அவளுக்கு நாளைக்கு என்று ஒன்று வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே உங்கள் குரல் கேட்கிறதாம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோட்டை போர்டில் போடுகிறேன். ஒரு பிள்ளைகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்க நான் விட்டால்தானே!

அதற்குப் பிறகு அவளைப் படி என்று நான் சொல்லவே இல்லை. அலுத்துப்போச்சு, அண்ணி. சொல்லத் தெம்பும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தால், சமையலறையில் பேச்சுக்குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உமாதான். வாசற்படியில் உட்கார்ந்து, ஆளில்லாத அரிவாள்மணையைப் பார்த்து வட்டத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து புத்தகத்தை எப்போது இறக்கினாள் என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் கைகாலைக் கழுவிவிட்டு வந்து, அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒரு மூடியைக் கையில் எடுத்தேன். குழம்புக்கு எப்படியும் அரைக்கணுமே.

கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அந்தக் கோடு வந்ததும் நின்றுவிட்டாள்.

என் நாக்கு துறுதுறு என்றது. 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு, நாலு மார்க்' என்று இத்தனை வருஷமும் சொன்னதுதான் வாயில் வந்து நின்றது. விழுங்கினேன். துருவினேன். அவள் தரையில் விரலால் வட்டம் போட்டாள், அழித்தாள். நான் துருவினேன். அண்ணி, ஒரு மூடி துருவ இவ்வளவு நேரம் ஆகுமென்று எனக்குத் தெரியவே தெரியாது. வெள்ளை தீர்ந்து பழுப்பு விழ ஆரம்பித்துவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை.

"அம்மா," என்றாள், என்னைப் பார்க்காமல். "ரெண்டு கோடும் ஒண்ணுன்னு காட்டணும்னா, ரெண்டு முக்கோணம் வேணும். ரெண்டுக்கும் பொதுவா ஒரு பக்கம் இருந்தா, அதை அளக்கவே வேண்டாம், அது ரெண்டுலயும் அதேதானே? அதுக்குத்தான் அந்தக் கோடு. யாரும் சொல்லலைம்மா. நமக்கு வேணும்னு நாமதான் போட்டுக்கறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கொத்தாய்த்தா அத்தை?"

உங்களைக் கேட்ட அதே மாதிரி கேட்டாள். நான் நடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு அப்போதுதான் புரிந்தது. 'கொத்தாய்த்து' என்றேன். அன்றைக்குக் குழம்பெல்லாம் தேங்காய்ப் பழுப்பு. அண்ணன் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்: 'என்னம்மா இது, நறநறங்குது?' உமா சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஸ்கூலில் என்னையே கவனித்துப் பார்த்தேன். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறேன் தெரியுமா? ஒரு மூச்சு. அதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். கடைசி பெஞ்ச் கிசுகிசுத்தது, சிரித்தது, அப்புறம் ஓய்ந்தது. அந்த பெஞ்சிலிருந்தே ஒரு பெண் எழுந்து தப்பான பதில் ஒன்றைச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அவளே யோசித்துத் திருத்திக்கொண்டாள். டீச்சர் ட்ரெயினிங்கில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்ததை நானும் பார்க்கவில்லை.

பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பாஸாவாளா என்று இப்போது சொல்ல முடியாது, நிறையப் பாடம் பாக்கி. தினமும் சாயங்காலம் நான் அரிவாள்மணையில், அவள் வாசற்படியில்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. பதில் என் நாக்கு நுனியிலேயே இருந்தாலும் ஒரு மூடி தேங்காய் துருவி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். நாலு நாள் கழித்து, மறந்துபோச்சு உமா என்று திரும்பக் கேட்பேன். இந்தப் பெண்ணிடம் மட்டுமில்லை, எந்தப் பிள்ளையிடமும். 'உனக்கு என்ன தெரியும்?' என்று இனி நான் யாரையாவது கேட்டால், அதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்வதற்காகத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பாடம் கேட்க வேண்டிய காலத்தில் உங்களிடம் காபி மட்டும் கேட்ட
உங்கள் நாத்தனார்,
வசந்தா