சிவப்பு அட்டை போட்ட குதிரை

ஜூலை 1, செவ்வாய்

பல் துலக்குவதற்கு முன்பே முந்நூற்றுச் சொச்சம் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியாகிவிட்டது. போன் திரையில்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு: தண்ணீர், புல், பிடரி தேய்ப்பு. முடிவதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அதையும் குடித்தேன். நாற்பத்தேழு வயதில், ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜாக இருக்கிறவன் செய்கிற வேலையா இது? தூ.

ஷீலா சமையலறையிலிருந்து கேட்டாள்: "குதிரைங்களுக்குத் தண்ணி காட்டியாச்சா? வீட்டுக்கு வாட்டர் கேன் ரெண்டு நாளா வரல. அத யாரு பாக்கறது?"

பதில் சொல்லவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கும்போது நான் பேசுவதில்லை.

ஜூலை 2, புதன்

இந்தச் சனியனை நான் தேடிப் போகவில்லை. ஜென்சி பிளஸ் டூ படிக்கும்போது என் கையில் திணித்தது. "அப்பா, பரீட்சை முடியற வரைக்கும் இதுங்களுக்குத் தண்ணி மட்டும் காட்டுங்கப்பா. இல்லனா மெலிஞ்சிடும்." பதினோரு குதிரைகள், ஒரு பாஸ்வேர்டு. பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தது. திருச்சியில் காலேஜ், ஹாஸ்டல், இப்போது இரண்டாம் வருடம். அவள் திருப்பிக் கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை.

தண்ணீர் மட்டும்தான் காட்டச் சொன்னாள். நான் ஜோடி சேர்த்தேன். குட்டி போட்டது. குட்டிக்கு ஜோடி தேடினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு தூரம் பரம்பரை பார்த்து யோசித்ததில்லை. இப்போது லாயம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், ஒரே மூஞ்சி. பார்த்தாலே குமட்டுகிறது.

ஜூலை 4, வெள்ளி

எங்கள் சங்கத் தலைவர் யக்ஞநாராயணன். குரோம்பேட்டைக்காரர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இந்த விளையாட்டை விளையாடுகிற தமிழர்கள் நூறு பேரைக் கட்டி மேய்க்கிறார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்: "அசரியா சார், நீலப் பிடரித் திருவிழா நடக்கறது. உங்க லாயத்துலேந்து ஒரு குட்டிகூட வரலியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நீலப் பிடரி. குதிரைக்கு. போன மாதம் பூசணிக்காய் நிறம். அதற்கு முந்தின மாதம் இறக்கை. வெட்கமே இல்லை இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு. அதைப் பெறுவதற்காகக் கண் விழித்த எனக்கும்தான்.

ஜூலை 5

கட்டைவிரல் வலி. தைலம் தேய்த்தேன். ஷீலா ஏன் என்று கேட்கவில்லை. சிரித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆலயத்தில் போதகர் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று தட்டு, அப்புறம் ஒரு தள்ளு. ஷீலா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மதியம் ஜென்சி போன் செய்தாள், வழக்கம்போல அவள் அம்மாவுக்கு. என்னதான் பேசுவார்களோ, சாதம் ஆறிப்போகிற வரை பேசினார்கள். அப்புறம் போன் என்னிடம் வந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"ம். நீ?"

"ம்."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

எங்கள் உரையாடல் முழுவதும் இதுதான், ஒரு வருடமாக. அவள் குதிரைகளைப் பற்றிக் கேட்பாள் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். கேட்டால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கேட்பதில்லை. பிறகு எதற்கு இந்தக் கழுதைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்?

ஜூலை 9, புதன்

கம்பெனியில் ஆடிட் வரப்போகிறது. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க இப்போது இந்தக் காய்ச்சல்தான். ஒரு மாதமாக யாரும் தொடாத சாமானுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டு, வேண்டாததைக் கழி, இருப்பதை வரிசைப்படுத்து. ஃபிட்டர் வெற்றிவேல் ஒரு துருப்பிடித்த இரும்பைத் தூக்கிக் காட்டினான். "சார், இது இன்னாத்துக்கு கீதுன்னே தெர்ல சார். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிலேந்து இங்கதான் கீது."

"அட்டையைக் கட்டு," என்றேன்.

மாலைக்குள் தரை தெரிந்தது. வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு இத்தனை சந்தோஷம் வருமா? வெளிவட்டச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரே நினைப்பு. லாயத்துக்கும் இதையே செய்தால் என்ன?

ஜூலை 10, வியாழன்

முதல் வேலையாகப் பெயர்களை ஒழித்தேன். பேரா அது? அன்பு, அல்வா, குட்டி அல்வா, அல்வா இரண்டு. பெயர் இருந்தால் கழிக்கக் கை வராது. எந்தச் சாமானுக்கும் நம்பர்தான் வைக்க வேண்டும். நிறத்தின் முதல் எழுத்து, பிறகு வரிசை எண். சா-1, சா-2, க-7. நம் பார்ட் நம்பர் மாதிரி. விதியும் எழுதிவிட்டேன்: ஒரு மாதமாகப் பந்தயமும் இல்லை, குட்டியும் இல்லை என்றால் அட்டை. விதிவிலக்கு கிடையாது. விதிவிலக்கு கொடுக்கத் தொடங்கித்தான் நம் ஸ்டோர்ஸ் ரூம் நாறியது.

ஜூலை 12, சனி

கழித்துவிட்டேன்! அட்டை விழுந்த அத்தனையும் சந்தைக்கு, அடிமாட்டு விலைக்கு. சங்கத்தில் ஒரே கூச்சல். யக்ஞநாராயணன் எழுதினார்: "சார், இது லாயமா, லிக்விடேஷனா?" எதுவோ ஒன்று. நாற்பது குதிரைகள் மிச்சம், நாலு வரிசை. எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிகிறது. இன்று காலை காபியைச் சூடாகக் குடித்தேன்.

ஜூலை 14

வாட்டர் கேன் கடைக்கு நானே போய் இரண்டு கேன் எடுத்துவந்தேன். ஷீலா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 16, புதன்

தொண்டை கட்டிவிட்டது, கத்தியதில். போன புதனன்று அட்டை போட்ட வெல்டிங் அச்சு ஒன்றை வெற்றிவேல் அன்றைக்கே எடைக்குப் போட்டிருக்கிறான். இன்று அந்த அச்சில் செய்கிற பிராக்கெட்டுக்கு ஆர்டர் வந்து நிற்கிறது.

"இன்னா சார், நீதான அட்ட கட்ட சொன்ன? அட்ட கட்டுனா காயலாங்கடைக்கு தான?"

"அட்ட கட்டுனது வேலி போட்ட எடத்துக்குள்ள ஒரு மாசம் கிடக்கணும்யா! எவனாவது வந்து, இது என்னுதுன்னு கேக்கறதுக்குத்தான் அந்த ஒரு மாசம். அது இல்லன்னா இது சுத்தம் பண்றது இல்ல, திருட்டு!"

"பேஜாரா போச்சு சார்," என்று குன்றத்தூர் காயலான் கடைக்கு ஓடினான். அச்சு கிடைத்தது, ஒரு காது வளைந்து. முட்டாள்கள். விதியைப் பாதி படித்துவிட்டுக் கத்தரியை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஜூலை 20, ஞாயிறு

கை ஓடவில்லை.

மதியம் ஜென்சி போன் செய்தாள். ஷீலாவிடம் இரண்டே வார்த்தை பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றிருக்கிறாள். ஷீலாவே ஒரு மாதிரி பார்த்தபடிதான் நீட்டினாள்.

"அப்பா, அச்சுமுறுக்கு எப்படிப்பா இருக்கு?"

ஒரு வருடம் காத்திருந்த கேள்வி. நான் என்ன சொன்னேன்? "நல்லாருக்குமா." அப்படியே சொன்னேன். நாக்கு கூசவில்லை.

"சரிப்பா," என்றாள். அவ்வளவுதான்.

அச்சுமுறுக்கு அவளுடைய முதல் குதிரை. ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஷீலா அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அன்று வாங்கியது. உடம்பெல்லாம் வெள்ளை வளையம் வளையமாக இருந்ததால் அந்தப் பேர். போனை வைத்துவிட்டு லாயத்தைத் திறந்தேன். சா-1 இல்லை. சா-2 இல்லை. எது அது? எந்த நம்பர்? வயதானது, பந்தயம் ஓடாது, குட்டி போட்டு நாளாச்சு... விதிப்படி அட்டை. நானே பேர அழிச்சேன், நானே நம்பர் போட்டேன், நானே அடிமாட்டு விலைக்கு வித்துட்டேன். வேலியும் இல்ல, ஒரு மாசமும் இல்ல. வெற்றிவேலைத் திட்ட எனக்கு இன்னா யோக்கியதை கீது?

மிச்சமிருக்கிற நாற்பதையும் மறுபடி ஒவ்வொன்றாகத் தேடிவிட்டேன். ஒரு படத்துக்காக.

படத்துக்காகவா?

ஜூலை 21, திங்கள்

யக்ஞநாராயணனிடம் சொன்னேன். விற்பனைப் பக்கத்தில் நோண்டிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் சா-14 என்று விற்றிருக்கிறேன். சந்தையில் விட்ட கொஞ்ச நேரத்துக்குள் யாரோ வாங்கியிருக்கிறார்கள். "மாவுடப்பா" என்று ஒரு பேர், அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்த ஆள். லாயத்தில் அது ஒன்றுதான் குதிரை.

"புதுசா வந்தவா சார். பாதிப் பேர் ரெண்டு நாள்ல விட்டுட்டுப் போயிடுவா," என்றார். விட்டுவிட்டுப் போனால் யார் தண்ணீர் காட்டுவார்கள்?

மாவுடப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். "அன்புள்ள ஐயா அல்லது அம்மா" என்று ஆரம்பித்தேன். இந்தக் குதிரை என் மகளுடையது, அவள் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது, அவள் வீட்டில் இல்லாத நாளெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் எனக்குப் பொழுது விடிந்தது, தவறுதலாக விற்றுவிட்டேன், இருக்கிற நாற்பதையும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் கொடுங்கள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 24

பதில் இல்லை.

ஜூலை 29

பதில் இல்லை. திமிர் பிடித்த மாவுடப்பா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அசிங்கம் ஒன்று செய்தேன். யக்ஞநாராயணன்தான் சொன்னார்: "அதே நிறத்துல ஒண்ணு போட்டு, அதே பேரை வச்சுடுங்கோ. கொழந்தைக்கு என்ன தெரியப்போறது?" மிச்சமிருந்ததில் இரண்டைச் சேர்த்துவைத்தேன். இன்று பிறந்தது. அதே சாம்பல், அதே வளையங்கள். அச்சுமுறுக்கு என்று பேர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கணக்கில் வராத பீஸுக்கு ஓகே முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டரை நான் என்ன சொல்லித் திட்டுவேன்? பேரை எடுத்துவிட்டேன். சா-41.

ஜென்சி போன் செய்தபோது தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாலு நாள் லீவில் வருகிறாள் என்று விடியற்காலையில் கிளாம்பாக்கம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியவள் முன்னைவிட இளைத்திருந்தாள். பையை முன்னால் வைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரப்பாக்கம் நோக்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தேன். வண்டியில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

"ஜென்சி, அச்சுமுறுக்கு இல்லமா. நான் வித்துட்டேன். நல்லாருக்குன்னு பொய் சொன்னேன்."

பின்னாலிருந்து சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று வண்டியை ஓரங்கட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொய் இல்லப்பா. நல்லாதான் இருக்கு. என்கிட்டதான் இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"அந்த அக்கவுண்ட் என் மெயில்ல தானப்பா ஆரம்பிச்சேன்? எல்லா மெயிலும் எனக்குத்தான் வருது. குட்டி பிறந்தது, குட்டி பிறந்ததுன்னு. ஹாஸ்டல்ல எல்லாரும், 'உங்கப்பா எழுந்துட்டாரு, நீயும் எழுந்திரு'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அன்னிக்குக் கொத்தா நூத்துக்கணக்குல 'விற்பனைக்கு வந்துள்ளது'ன்னு வந்துச்சு. திறந்து பாத்தா, ஒண்ணு என் முறுக்கு. உடனே புதுசா ஒரு அக்கவுண்ட் போட்டு வாங்கிட்டேன்."

"மாவுடப்பா?"

"நான்தான்."

"அப்ப லெட்டர்?"

"படிச்சேன்பா," என்றாள். "பதில் எழுத வரல. அத நேர்லதான் சொல்லணும்னு இருந்தேன். இப்பவும் வரல." பிறகு முதுகில் ஒரு குத்து விட்டாள். "அப்புறம் ஒரு குட்டிக்கு முறுக்கு பேரை வச்சு உடனே எடுத்தீங்களே, அதுவும் தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். "கேட்டப்பவே சொல்லித் தொலையறதுக்கு என்ன?" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன்," என்றாள்.

வண்டியை மறுபடி கிளப்பினேன். கண்ணில் தூசி. அந்த ரோட்டில் தூசிக்கா பஞ்சம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். முறுக்கை அவளே வைத்துக்கொள்கிறாள். நாற்பத்தொன்றை இருபதாகக் குறைத்திருக்கிறோம், இரண்டு பேருமாக உட்கார்ந்து. நம்பர் எல்லாம் போச்சு. குட்டி அல்வா மறுபடி குட்டி அல்வா. சா-41 மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன். எனக்கு ஒரு பாடமாக.

ஆகஸ்ட் 20

யக்ஞநாராயணன்: "சார், ஓணத்துக்குப் பூக்கோலக் குதிரை வர்றது!" சங்கத்தை விட்டு விலகினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

வேலை முடிந்து வந்து, சும்மா மாவுடப்பாவின் லாயத்தை எட்டிப் பார்த்தேன். அச்சுமுறுக்கு மெலிந்து நிற்கிறது. மூன்று நாளாகத் தண்ணீர் காட்டவில்லை. பிடரியெல்லாம் சிக்கு. என்ன பொறுப்பு இது? ஒரே ஒரு குதிரை, அதைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை. நான் முந்நூற்றுக்கு மேல் பார்த்தவன்.

ஜென்சிக்கு நானே போன் போட்டேன். கத்தினேன். இன்டர்னல் டெஸ்ட் என்றாள். டெஸ்ட் என்றால் குதிரைக்குத் தாகம் எடுக்காதா என்றேன். என்ன டெஸ்ட், என்ன பாடம், அந்த வாத்தியார் சொல்லிக்கொடுப்பது புரிகிறதா, மெஸ்ஸில் ராத்திரி என்ன போட்டார்கள், ஏன் இப்படி இளைத்திருக்கிறாய், பக்கத்துக் கட்டில் பெண் இன்னும் குறட்டை விடுகிறாளா என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. அவள் பாஸ்வேர்டைச் சொன்னாள். "டெஸ்ட் முடியற வரைக்கும் தண்ணி மட்டும் காட்டுங்கப்பா. தண்ணி மட்டும்."

வைத்துவிட்டுத் திரும்பினால், ஷீலா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். போனை அவளிடம் கொடுக்க மறந்துவிட்டேன்.