கோகோ மரத்தடிக் குப்பை

ஆனைமலை
12.7.2024

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. கோயமுத்தூர் போய்ச் சிறுவாணித் தண்ணீர் குடித்ததும் என்னை மறந்துவிட்டாயா?

தோப்பில் கோகோ பூத்துக் கொட்டுகிறது, ஒரு பூகூடக் காய் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் தோப்பைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன். நீ விட்டுவைத்த சருகு, அழுகின வாழைத்தண்டு எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிட்டேன். நீ இருந்தபோது என்ன மருந்து அடித்தாய்? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
தம்பிதுரை

ஆர்.எஸ்.புரம்
20.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மருந்து எதுவும் அடிக்கவில்லை. கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, கடுகளவுகூட இல்லாத ஒரு கொசு. அது ஈரச் சருகிலும் அழுகின வாழைத்தண்டிலும்தான் பெருகும். நீங்கள் கொளுத்தியது அதன் வீட்டை. இதை எத்தனை முறை சொன்னேன். "கூட்டறதுக்குச் சோம்பல், அதுக்கொரு கதை" என்று வேலையாட்கள், பக்கத்துத் தோப்புக்காரர்கள் முன்னால் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் வந்தேன்.

சருகைத் திரும்பப் பரப்புங்கள். வாழைத்தண்டை வெட்டி மரத்துக்கு மரம் போடுங்கள். மழை ஈரத்தில் கொசு வந்துவிடும்.

அண்ணன் விவாகரத்து மனு எழுதி வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. காய் பிடித்தால், அதே ஆட்கள் முன்னால், பிரவீனா சொன்னதுதான் சரி என்று ஒருமுறை சொல்லுங்கள். அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன்.

உங்கள்
பிரவீனா

ஆனைமலை
18.11.2024

அன்புள்ள அம்மணிக்கு,

காய் பிடித்துவிட்டது. மரத்துக்கு முப்பதுக்குக் குறையாமல் தொங்குகிறது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாம் பார்க்க வந்து மாலை போட்டார்கள். சருகு, கொசு எல்லாம் விளக்கினேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். "ரெண்டு வருசமா நானே உக்காந்து பாத்துக் கண்டுபுடிச்சேனுங்க" என்று சொல்லிவிட்டேன். பொண்டாட்டி சொன்னாள் என்றால் எவன் கேட்பான்? தப்பாக எடுத்துக்கொள்ளாதே, பெருமை நம் இருவருக்கும்தானே. சனிக்கிழமை கார் அனுப்புகிறேன், கிளம்பி இரு.

அன்புடன்,
தம்பிதுரை

ஆர்.எஸ்.புரம்
23.11.2024

தம்பிதுரை அவர்களுக்கு,

கார் வந்தது. டிரைவரிடம் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வந்தவர்கள் முன்னால் என் பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? நான் உங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

காயை உடைத்ததும் அதன் மேல்தோலை மரத்தடியிலேயே போட்டுவிடுங்கள். கொசு அதிலும் வளரும்.

பிரவீனா