முட்டுக்குக் கீழே நிற்பவர்கள்

வியாழன் இரவு

நாளை மூன்றாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட். கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் கொடுத்து சென்ட்ரிங் அடிக்கும் என் ஆட்களை எல்லாம் போன வாரமே கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிட்டு, பயிற்சி வகுப்பு முடித்த அப்ரண்டிஸ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். அப்ரண்டிஸ் வைத்தால் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுக்கிறதாம். மேஸ்திரி என்று என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

இன்று தளத்துக்குக் கீழே போய்ப் பார்த்தேன். கையால் தள்ளினாலே பாதி முட்டுகள் ஆடின. இன்ஜினியரிடம் சொன்னேன். "அவங்ககிட்ட சர்டிபிகேட் இருக்குது மேஸ்திரி, அப்புறம் என்ன?" என்றார்.

முட்டுக் கொடுத்தவர்களில் ஒருத்தி கவிதா, ஊத்தங்கரைப் பெண். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, வகுப்புல படம்தான் காட்டுனாங்க. நாளைக்குக் கான்கிரீட் போடும்போது முட்டைப் பார்த்துக்கக் கீழ நிக்கறது நாங்கதானா?"

"நாளைக்கு நீங்க யாரும் வராதீங்கம்மா" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வேலை போனாலும் போகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது இன்ஜினியர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "உங்க பிள்ளைங்க வரலைன்னா பரவால்ல மேஸ்திரி. பாகலூர்ல இருந்து வேற பேட்ச் வருது. வந்ததும் கீழ நிறுத்திக்கலாம்."

அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. முதல் பஸ்ஸுக்கே போய் கேட்டில் நிற்கப்போகிறேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வருகிறவர்களைத் திரும்பிப் போகச் சொன்னால், நீ யார் என்றுதான் கேட்பார்கள்.