வியாழக்கிழமைகளில் தாமதமாகும் கை

புதுச்சேரி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் அனத்துக்கு அம்மா சலீமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றே கேட்கிறேன்.

போனில் கேட்டால், பக்கத்தில் நாலு பிள்ளைகள் நிற்க, "நல்லாத்தாம்மா இருக்கேன், வெச்சிடவா" என்கிறாய். அதனால்தான் கடிதம். இன்றே ஸ்பீடு போஸ்ட் செய்தால் திங்களுக்கு முன்பே பயிற்சி முகாமுக்கு வந்துவிடும் என்றார் அத்தா. வியாழக்கிழமை உனக்குத் தேர்வுப் போட்டி. அதற்கு முன் இது உன் கைக்கு வந்தாகவேண்டும்.

உன் கோச் கலைவாணி மேடம் பெற்றோர் குழுவில் போடும் உன் வாள்வீச்சு வீடியோக்களில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. எந்த அடி எங்கே விழுந்தது, உன் கத்தி எப்போது தடுக்கப்போனது என்று நோட்டில் எழுதிவைக்கிறேன். "சலீமாவயே நடுவரா போட்டுடலாம் போலிருக்கே" என்று உன் அத்தா கேலி செய்கிறார். மூணு வலது விலாவுக்கு, நாலு நெஞ்சுக்கு, அஞ்சு தலைக்கு என்று தோசைக்கரண்டியைப் பிடித்துத் தடுப்பு காட்டிக்கொடுத்தவள் நீதானே.

எதிரில் நிற்பவள் தலைக்கு ஓங்குவதுபோல் பாவனை காட்டினாலே நீ கையைத் தூக்கிவிடுவாய். திறந்துகிடக்கும் விலாவில் அவள் போட்டுவிட்டுப் போவாள். "பயந்தவதான் மொதல்ல கையத் தூக்குவா. பின்னால போ, அவ கத்தி கெளம்பி வரட்டும், கடைசில அடை" என்று மேடம் கத்துவது வீடியோவிலேயே கேட்கும். அந்தக் குறை எனக்குப் பழகிவிட்டது.

இப்போது பார்ப்பது வேறு. சில நாட்களில் உன் கை தாமதிக்கிறது. தலையில் அடி விழுந்து, அடி பட்டதைக் காட்டும் விளக்கும் எரிந்த பிறகுதான் அஞ்சாம் தடுப்புக்குப் போகிறது, தூக்கத்தில் கொசு விரட்டுகிற கை மாதிரி. நேற்றைய ஆட்டத்தில் முகமூடியைக்கூடக் கழற்றாமல் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய். சாயங்காலம் கேட்டதற்கு ஷூ லேஸ் அவிழ்ந்தது என்றாய். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். உன் கை லேஸ் பக்கம் போகவே இல்லை அனம். தரையைத்தான் பிடித்திருந்தது.

இன்று காலை நோட்டை எடுத்தேன். முன்பக்கம் உன் ஆட்டங்கள். பின்பக்கம், ரமலானில் உனக்கு விட்டுப்போன ஏழு நோன்புகளில் நீ பிடித்து முடித்தவை. தேதிகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தேன். நோன்பு பிடித்த நாட்களில்தான் கை தாமதித்திருக்கிறது. எல்லாம் திங்கள், இல்லை வியாழன். அந்தக் கிழமைகளில் பிடித்தால் நன்மை கூடும் என்று சொல்லி அனுப்பியவளும் நான்தான். ஐந்து முடிந்தது. மீதி இரண்டு. வரும் திங்களில் ஒன்று, வியாழனில் ஒன்று. அதாவது போட்டியன்று. அந்த இடத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உன்னை முகாமுக்கு அனுப்புகிற அன்று உன் மாமி, "பொட்டப்புள்ள கையில கத்தியக் குடுத்து ஊர் ஊரா அனுப்பப் போறீங்களா" என்று கேட்டாள். இன்னும் யார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, ஒரு தொழுகை, ஒரு நோன்பு பாக்கி நிற்கக்கூடாது என்று எல்லார் முன்னாலும் உன்னிடம் வாக்கு வாங்கினேன். யாரும் ஓங்குவதற்கு முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன். அடி உன்மேல் விழுகிறது.

உடனே மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமாவைப் போய்ப் பார்த்தேன். "அடுத்த ரமலான் வரைக்கும் அல்லா டயம் குடுத்திருக்கான். அத நீ எதுக்கு சலீமா புடுங்குற?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் நான் பிடிக்கட்டுமா என்றேன். "பெத்தவ பசிச்சா புள்ள கணக்கு தீராது, போ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நீ தந்த வாக்கை நானே திருப்பித் தருகிறேன். மீதி இரண்டையும் ஊருக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பிடி. தலை சுற்றுவதை மேடத்திடம் மறைக்காதே, நீயே சொல். வந்ததும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்துவிடலாம்.

வியாழன் காலை எட்டு மணிக்கு இடியாப்பத் தட்டோடு உட்காருவேன். நீ சாப்பிட்டாய் என்று மேடம் போனிலிருந்து ஒரு வரி வரும்வரை தொடமாட்டேன். எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும்.

ஜெயித்தாயா என்று அன்று கேட்கமாட்டேன். என் பிள்ளை எதிரில் வருவதை நேரத்தோடு பார்க்கட்டும், அவள் கை உயரும்போது அதில் பலம் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆமீன்.

தட்டின் முன்னால் காத்திருக்கும்
உன் அம்மா
சலீமா அன்வருதீன்