பதினைந்தரை அடி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று.

முதலாளி புது வேலை கொடுத்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. டீசல் பங்க் ஒவ்வொன்றையும் நேரில் போய் அளக்க வேண்டும். எங்கள் கார் ஏற்றும் லாரிகள் எதில் நுழையலாம், எதில் கூடாது என்று ஒரு பட்டியல். பதினோரு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து டிரைவர்களோடு ஃபோனில் பேசியவளுக்கு, ஐம்பது வயதில் வெயிலில் வேலை.

காரணம் போன வெள்ளிக்கிழமை. பூந்தமல்லியில் ஒரு சின்ன பங்க். டீசல் போட்டுவிட்டு வெளியே வரும்போது ஏழுமலையின் லாரி கூரையில் இடித்துவிட்டது. மேல் தட்டில் இருந்த புதுக்கார் ஒன்று நசுங்கியது. யாருக்கும் அடி இல்லை. சனிக்கிழமை காலை முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எங்களிடம் மட்டும் எட்டு வருடம் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது.

அளவுகோல்: பிவிசி பைப், மூன்று துண்டு. ஒன்றில் ஒன்று சொருகினால் பதினேழு அடி. லோடோடு வண்டி பதினைந்தரை அடி. அந்த இடத்தில் சிவப்பு டேப்.

பார்க்க வேண்டியவை: கூரை உயரம். திரும்ப இடம். கேபிள், மரக்கிளை. வெளியே போகும் வாசல் மேடா பள்ளமா. டாய்லெட் (திறந்திருக்கிறதா).

இன்று இரண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள். ஒன்று சரி. இன்னொன்றில் உயரம் இருக்கிறது, வாசலில் வாகை மரக்கிளை தொங்குகிறது. கூடாது.

கொரட்டூரில் வீடு வந்து சேர ஆறரை. ஒரு டம்ளர் அரிசி வைத்தேன். அதிலும் மிச்சம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். கண்டக்டர் பைப்பைப் பார்த்து, "இன்னாம்மா, பிளம்பர் வேலையா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆவடியில் மூன்று பங்க். முதலாவதில் டயருக்குக் காற்றுப் பிடிப்பவர்: "அக்கா கொடி ஏத்த வந்துகீறாங்கடோவ்! பதினஞ்சாந்தேதிக்கு இன்னும் நாள் கீதுக்கா!" ஆனால் அவரேதான் வந்து பைப்பைப் பிடித்துக்கொண்டார். உயரம் சரி. டாய்லெட் பூட்டு, சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். இரண்டாவது கூடாது. மூன்றாவது நல்ல இடம், நாலு லாரி நிற்கலாம், பக்கத்தில் டீக்கடை.

இரண்டு மணிக்கு பையில் கை போனது, ஃபோனை எடுக்க. அந்த நேரத்தில்தான் ஏழுமலை கூப்பிடுவார். எங்கே இருக்கிறார், வண்டி எப்படி, இவ்வளவுதான் ஆபீஸுக்கு வேண்டியது. அவர் அதோடு வைக்கமாட்டார். வழியில் பார்த்தது எல்லாம் வரும். "மேடம், இங்க ஒரு ஆளு ஸ்கூட்டர்ல ஆட்டுக்குட்டிய முன்னாடி நிக்க வச்சிகினு போறான், அது ரோட்ட பாத்துகினே போவுது." இப்படி. ஒரு நாளில் நான் அதிகம் பேசுவது அவரிடம்தான். நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தைகூட இருக்காது.

எழுதிவிடுகிறேன். இங்கே தவிர வேறு எங்கே.

அந்த பங்க்குக்குப் போகச் சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை பைபாஸில் எங்கள் வழக்கமான பங்க்கில் டேங்க் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் கூப்பிட்டார். இன்னும் எட்டு கிலோமீட்டர் போனால் பெரிய பங்க் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்கிறேன் என்றார். நான்தான், லோடு லேட் ஆகிவிட்டது, பூந்தமல்லியிலேயே போடுங்கள், போர்டில் பதினாறரை அடி என்று போட்டிருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன் என்றேன். "சின்ன பங்க்காச்சே மேடம்," என்றார். "போர்டு பொய் சொல்லாது," என்றேன். அப்படியே சொன்னேன்.

முதலாளியிடம் அவர் என் பேரை எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று தலைவலி, ஆபீஸிலேயே இருந்தேன். இன்று மத்தியானம் மழை, பூந்தமல்லி முழுக்கச் சேறு.

அந்த பங்க். கூரை ஓரத்தில் தகரம் இன்னும் வளைந்து தொங்குகிறது. டீசல் போடும் பெண்ணிடம் எந்த ஆபீஸ் என்று சொன்னேன். முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே வரும் பக்கம் அளந்தோம். பதினாறரை. போர்டு சொன்னபடியே. வெளியே போகும் பக்கம் கூரை ஓரத்தை ஒட்டிப் பைப்பை நிமிர்த்தினேன். சிவப்பு டேப் தகரத்துக்கு மேலே நின்றது. ஒரு துண்டைக் கழற்றி, அளக்கும் டேப்பை வைத்து அளந்தோம். பதினைந்தே கால் அடி.

"ரோட்ட ஒசத்திப் போட்டாங்கோ, மழைத்தண்ணி எல்லாம் உள்ள வந்துகினு இருந்துச்சு," என்றாள். "அதான் எங்க ஓனர் வெளிய போற வாசல்ல சிமெண்ட் கொட்டி மேடாக்கிட்டாரு. போர்டு மட்டும் பழைய போர்டு."

"டிரைவர் வேகமா வந்தாரா?"

"அய்ய, இல்லக்கா. எறங்கி ஒரு தபா சுத்திப் பாத்தாரு. போர்ட பாத்தாரு. அப்பால ஃபோன பாத்தாரு. யாருக்கோ போன் பண்ணப் போறாருன்னு நெனச்சேன். பண்ணல. ஏறிட்டாரு."

நோட்டில் எழுதிக்கொண்டேன். மழையில் நோட்டு நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூட்டம். முதலாளியிடம் அளவைக் காட்டினேன். போர்டு தப்பு, டிரைவர் மேல் குற்றம் இல்லை என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சரி வசந்தாம்மா. போர்டு தப்பு, ஒத்துக்கிறேன். அந்த பங்க்குக்கு அவன் இன்னாத்துக்குப் போனான்? வழக்கமான பங்க் இல்லன்னா ஆபீஸக் கேக்கணும். அதானே ரூல்? கேட்டியாடான்னு கேட்டேன். வாயத் தொறக்கல. இஷ்டத்துக்குப் போற ஆள நான் எப்படி வச்சிக்கிறது?"

எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸைக் கேட்டார், நான்தான் சொன்னேன். நாலு வார்த்தை.

"திருவேற்காடு பக்கம் இன்னும் ரெண்டு பங்க் இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன பயம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். வேலை போய்விடும் என்பது ஒன்று. அந்த ஆபீஸ் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது இன்னொன்று. தங்கை வேலூரில், பொங்கல் தீபாவளிக்கு ஃபோன். வேறு யார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில், காற்றில்லை. துணி துவைத்தேன். ஏரிக்கரை வரை நடந்தேன். எல்லாரும் குடும்பமாக வந்திருந்தார்கள், திரும்பிவிட்டேன். பதினொரு மணிக்குத் திடீரென்று கிளம்பி ஆவடிக்கு ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முத்தாபுதுப்பேட்டை. ஏழுமலை வீடு. விலாசம் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பார்த்தது.

அவர் இல்லை. யாரோ டிரைவர் வேலை இருக்கிறது என்று சொல்ல, செங்குன்றம் போயிருக்கிறார். மனைவி கதவைத் திறந்தார். பேரைச் சொன்னதும், "ஐயோ, ஆபீஸ் மேடமா! வாங்க, வாங்க, ஊடு குப்பையா கீது," என்று நாற்காலியைத் துடைத்தார். டீ போட்டார். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு இஞ்சி பிடிக்காது என்பது வரை.

"எங்க போய் டீசல் போடணும்னு அவருக்குத் தெரியாதா மேடம்? எத்தினி வருஷம்! ஏன்யா அங்க போனேன்னு கேட்டேன். என் தப்புதான், உட்டுடுன்னாரு. அதுக்கு மேல பேசல. சோறே சரியா துன்றதில்ல."

டீயைக் குடித்து முடித்தேன். இவரிடமாவது சொல்லியிருக்கலாம். "சொல்லிடுங்க, வந்துட்டுப் போனேன்னு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். தெருமுனை வரை கூடவே வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வானிலை கவனிக்கவில்லை.

முதலாளி உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அவர் கேட்டார் சார், ஆபீஸைத்தான் கேட்டார், பெரிய பங்க்குக்குப் போகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "பத்து நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

கையிலிருந்த அளவு நோட்டை மேஜையில் வைத்தேன்.

"அந்தாளு ஒரு வார்த்த சொல்லல பாருங்க," என்றார். அதை என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. என் எதிரிலேயே ஏழுமலைக்கு ஃபோன் செய்தார். புதன்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வேலை போகவில்லை. திட்டுகூட இல்லை. "லிஸ்ட்ட முடிங்க," அவ்வளவுதான்.

டாய்லெட்டில் போய் அழுதேன். ஆபீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

லேசான தூறல், பத்து மணிக்கு விட்டது. நேற்று மீதியையும் அளந்து முடித்தேன், பட்டியல் தயார். பத்தொன்பது பங்க், அதில் எங்கள் வண்டிக்கு ஆனது ஏழு. தட்டச்சு செய்து டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒரு தாள்.

ஏழுமலை பதினொன்றரைக்கு வந்தார். முடி வெட்டி, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. இளைத்திருக்கிறார். சாவியைக் கொடுத்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றேன்.

சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கெழம நீங்க சொல்லுவீங்கன்னுதான் மேடம் வெளிய நின்னுகினு இருந்தேன். ஒரு மணி நேரம். நீங்க ஜன்னலாண்டதான் உக்காந்துகினு இருந்தீங்க."

நின்றதைப் பார்த்தேன். அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

"மன்னிச்சிடுங்க."

"அய்ய, அதெல்லாம் இன்னாத்துக்கு மேடம். போவட்டும். வேல திரும்ப கெடச்சிடுச்சில்ல, அதுவே போதும்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை. "இனிமே பங்க் நானே பாத்துக்கிறேன்."

பட்டியலை நீட்டினேன். மேஜை மேல் வைத்து ஃபோனில் ஒரு படம் எடுத்தார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு ஐந்துக்கு ஃபோன்.

"மேடம், வண்டி திருமழிசை தாண்டிட்டுது."

"டீசல்?"

"போட்டாச்சு."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். வழியில் பார்த்தது எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். ரிஜிஸ்டரில் நேரம் 2.06 என்று எழுதினேன்.