ஆறாம் கட்டிலுக்கு நிரப்பிய ஊசி

உன் மூக்குக் கண்ணாடி இப்போது என் மேசை மேல் இருக்கிறது. நேற்று உன் அம்மா குடிகாட்டிலிருந்து பஸ் மாறி சிதம்பரம் வந்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் என் டூட்டி முடியும்வரை காத்திருந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். "அவ துணிமணியெல்லாம் குடுத்துட்டோம்மா. இது மட்டும் உன்கிட்ட இருக்கட்டும். உன் மேல அவளுக்கு அவ்ளோ உசுரு" என்றார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கூட்டைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை. நர்ஸ் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியும் நீ கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால்தான் துடைத்திருக்கிறாய்.

இன்னும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருந்தபோது சொல்லத் துப்பில்லாமல், நீ போய் நாற்பது நாள் ஆனபின் எழுதுகிறேன். திட்ட வேண்டும் போல் இருந்தால் திட்டு. திட்டுவதற்காவது ஒரு தடவை வாயேன்.

2004-ல் கடலூரில் நர்சிங் படிக்கச் சேர்ந்த முதல் நாளே உன்னைச் சீண்டினேன். நான் கீரப்பாளையத்து வயல்காட்டுப் பெண், நீ கெமிக்கல் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவள். "உங்க ஊரு நாத்தத்துல எப்புடிடி மூச்சு உடுறீங்க?" என்றேன். நீ கொஞ்சமும் அசராமல், "முழுசா உட்டாத்தானே கஷ்டம், நாங்க அரை மூச்சுதான்" என்றாய். அன்றைக்கே என் டிரங்குப் பெட்டியை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மருந்தியல் எனக்கு ஏறவே ஏறாது. ஒரே மாதிரி பெயரில் பத்து மருந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு, வேறு வேறு வேலை. நீதான் மெஸ்ஸில் இட்லித் தட்டோடு நின்று விரல் மடக்கி எனக்குப் பாடம் எடுப்பாய். "சரியான ஆளு? நானு. சரியான மருந்து? இட்லி. சரியான அளவு? நாலு. சரியான வழி? வாயி. சரியான நேரம்? இப்பவே, பசிக்குதுடி!" பரிமாறுகிற அக்கா சிரித்துக்கொண்டே ஐந்தாவது இட்லியை வைத்தால், "ஓவர் டோஸுக்கா" என்று திருப்பிக் கொடுப்பாய். அந்தப் பேப்பரில் நான் பாஸ் செய்தது உன் புண்ணியம். மருந்துப் புட்டியின் பெயரை எடுக்கும்போது ஒரு தடவை, நிரப்பும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை படிக்க வேண்டும் என்பார்கள். வகுப்பில் எல்லோரும் அதை எழுதிக்கொண்டோம். செய்தவள் நீ ஒருத்திதான்.

2008-ல் கடலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒன்றாக வேலை கிடைத்தது. ஆண்கள் வார்டு, பன்னிரண்டு கட்டில். அங்கே நடந்த முறை உனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஒருத்தி டூட்டி ரூமில் உட்கார்ந்து ஊசி நோட்டைப் பார்த்து எல்லாச் சிரிஞ்சையும் நிரப்பி, கட்டில் எண் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி டிரேயில் அடுக்குவாள். இன்னொருத்தி டிரேயை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டே வருவாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடிக்க வேறு வழி கிடையாது என்றார்கள். நோட்டில் ஆளின் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். "நெரப்புறவளேதான் போடணும். இன்னொருத்தி நெரப்புனத நம்பிப் போடக்கூடாது" என்று நீ சொன்னாய். இன்சார்ஜ் சிஸ்டர், "அப்ப நீயே ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்க" என்றார்.

அதனால் நீ உனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாய். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "உங்க பேரு என்னாங்க?" என்று கேட்டு, தலைமாட்டில் பெயரும் நோயும் எழுதித் தொங்குகிற கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவாய். நேரம் ஜாஸ்தி ஆகும். எனக்கு எரிச்சலாக வரும். "எல்லார் பேரையும் கேட்டு என்னாடி பண்ணப்போற, கல்யாணப் பத்திரிகையா அடிக்கப்போற?" என்று வார்டே கேட்கிற மாதிரி கத்துவேன். நோயாளிகள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நாளாக ஆக நீ கேட்பது குறைந்தது. அதைக் கவனித்தேன். நல்லதுதான், வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

காலை ஏழு மணிக்கு ஆறாம் கட்டில்காரர் என்னைக் கூப்பிட்டார். சர்க்கரை நோயாளி. தலைக்கு மேலே ஃபேன் ஓடவில்லை, வேர்த்து ஊற்றுகிறது என்றார். பதினோராம் கட்டிலில் இருந்த பெரியவர், மறுநாள் ஆபரேஷனுக்காக ஸ்கேன் எடுக்க வெறும் வயிற்றோடு காத்திருந்தவர், தானாகவே எழுந்தார். "நான் அங்க படுத்துக்கறேம்மா. எனக்குக் காத்து ஆவாது. அவர இங்க வரச்சொல்லு" என்றார். இரண்டு பேரையும் கேஸ் ஷீட்டோடு மாற்றிப் படுக்க வைத்தேன். நோட்டில் எண்ணை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்குள் போன் அடித்தது, யாருக்கோ டிரிப் கழன்றுவிட்டது, சுத்தமாக மறந்துபோனேன். பழைய நோட்டைப் பார்த்து இன்சுலினை நிரப்பினேன். ஆறு என்று எழுதி ஒட்டினேன்.

ஆறு என்றுதான் ஒட்டினேன். கேட்கிறதா உனக்கு?

நீ டிரேயோடு போனாய். அன்றைக்கு நீ ஆறாம் கட்டிலில் நின்று "உங்க பேரு" என்று ஆரம்பித்தது டூட்டி ரூம் வரை கேட்டது. "பத்திரிகை அடிச்சாச்சா?" என்று இங்கிருந்தே கத்தினேன். நீ சிரித்தாய். கேட்காமலே போட்டுவிட்டாய்.

அந்தப் பெரியவர் ஸ்கேன் ரூம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்த்து நடுங்கியிருக்கிறார். பசிமயக்கம் என்று எல்லோரும் கடந்து போயிருக்கிறார்கள். வலிப்பு வந்த பிறகுதான் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை நோயே இல்லாத மனிதருக்குச் சர்க்கரை பார்க்கத் தோன்றவே நேரம் ஆனது. எழுபதுக்குக் குறையக் கூடாதது, பார்த்தபோது மீட்டரில் இருபத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நீ அவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் டூட்டி ரூமில் நோட்டின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் இன்சுலினுக்கு நேரே பதினொன்று என்று திருத்தி, முழுவதையும் புதிதாக எழுதினேன்.

விசாரித்தபோது இன்சார்ஜ் சிஸ்டர், "பெட்ட மாத்துனது யாரு?" என்றார். "நான்தான் சிஸ்டர். நோட்டுலயும் மாத்திட்டேன். பதினொண்ணுன்னுதான் ஒட்டினேன்" என்றேன். அந்தச் சிரிஞ்சு அதற்குள் குப்பையோடு போயிருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய். "இல்ல சிஸ்டர், ஆறுன்னுதான் பாத்தேன்" என்றாய். அவர் நோட்டை உன் முன்னால் விரித்தார். நீ அதைப் படித்தாய். மறுபடி படித்தாய். பிறகு, "அப்ப என் கண்ணுதான் தப்பா பாத்திருக்கு" என்றாய். நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. பாவி, ஒரு சந்தேகமாவது பட்டிருக்கக் கூடாதா?

நான்காம் நாள் அந்தப் பெரியவர் கண் திறக்காமலே போனார். நீ அவர் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் சுவரோரம் நின்றேன். எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், வேலை போனால் என்ன ஆகும் என்று பயம். இதை ஒரு காரணம் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறு இடத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று உன்னிடம் சொன்னேன். "என் கண்ண நானே நம்ப முடியல, எந்தக் கையால ஊசி எடுக்கறது?" என்றாய். கடைசிவரை ஒரு ஜெராக்ஸ் கடை வேலையில்தான் நின்றாய்.

அடுத்த வருடம் திருவந்திபுரத்தில் என் கல்யாணம். கோயில் மலைப்படியில் நீ இந்தக் கண்ணாடியோடு ஏறி வந்தாய். கண் டாக்டரிடம் போனதாகச் சொன்னாய். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உன் பார்வையில் நிஜமாகவே கோளாறு இருக்கிறது, எப்படியும் என்றைக்காவது நீ தப்பாகப் பார்த்திருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக நின்ற என் காதில், "பதினொண்ணு எப்புடிடி ஆறாத் தெரியும்? எனக்கு இன்னும் வெளங்கல" என்றாய். "விடுடி, நல்ல நாள்ல" என்றேன். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் விடுடி என்றேன்.

இந்த வருடம் எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரகம் ஓய்ந்த நிலையில் உன்னைச் சிதம்பரத்துக்கு, என் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடலூரில் ஆஸ்பத்திரியா இல்லை? "அவ இருக்கற எடத்துக்குத்தான் போவணும், அவ கையாலதான் ஊசி போட்டுக்குவேன்" என்று அடம் பிடித்தாயாம். உன் அம்மா அதைச் சொன்னபோது பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

மத்தியான ஊசிக்கு வந்தேன். உன் கையைத் தொட்டதும் நீ இழுத்துக்கொண்டாய். "என் பேரக் கேளு" என்றாய். விளையாட்டு என்று நினைத்தேன். மஞ்சள் பூத்த கண்ணால் என்னையே பார்த்தாய். "உங்க பேரு என்னாங்க?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல் முழுப் பெயரையும், அப்பா பெயரையும், ஊரையும் சொன்னாய். பிறகுதான் கையை நீட்டினாய். "அன்னைக்கி நான் இப்புடிக் கேட்டிருந்தா அந்த மனுசன் இருந்திருப்பாருல்ல?" என்று அழுதாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தூங்குடி, சாயங்காலம் பேசிக்கலாம்" என்றேன். சாயங்காலம் உனக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு உன் கையில் நாடி பார்த்தது நான்தான். சரியான நேரம் என்று உன் ஐந்தாவது விரலை மடக்கிச் சொல்லிக்கொடுத்தாயே, அதை மட்டும் நான் படிக்கவே இல்லை.

இப்போது கண்ணாடியைப் போட்டுவிட்டேன். எதிர்ச் சுவரில் காலண்டர் தெரிகிறது. கழற்றினாலும் அப்படியே தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகையைப் படித்தேன், புட்டியில் ஒட்டிய பொடி எழுத்தைப் படித்தேன். போட்டாலும் கழற்றினாலும் ஒன்றுதான். இதில் பவரே இல்லை. வெறும் கண்ணாடி. கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார். அவரையும் நம்பாமல், என் பொய்யை மட்டும் நம்பி, இதை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாய். உயிர் போகும்வரை இதைத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறாய். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் உனக்கு!

அன்றைக்குக் கிழித்த பக்கத்தை நான் எரிக்கவில்லை. எரிக்கவும் தைரியம் வரவில்லை, காட்டவும் தைரியம் வரவில்லை. நான்கு வருடமாகப் பெட்டிக்கு அடியில், கல்யாணப் புடவை மடிப்பில் வைத்துச் சுமக்கிறேன். சற்று முன் எடுத்துப் பார்த்தேன். மடித்த இடத்தில் நைந்திருக்கிறது. என் கையெழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறது.

நாளை எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் குடிகாட்டுக்கு வருகிறேன். உன் அம்மா மறுபடி என்னிடம் "உன் மேல அவளுக்கு உசுரு" என்று ஆரம்பிப்பதற்குள், அந்தப் பக்கத்தை அவர்கள் மடியில் வைத்துவிட வேண்டும். "உங்க பொண்ணு கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. அவ பாத்தது ஆறுதான். எழுதுனது நானு."